தட்சணா கட்டிய நுரைக்கூடு

தட்சணாமூர்த்தியின் வாயிலிருந்து வந்த நுரை உடையாமல் நின்ற அன்று எங்கள் தெருவில் யாரும் சாமியாடவில்லை, யாரும் கற்பூரம் ஏற்றவில்லை, யாரும் போலீசுக்கோ பேப்பர்காரனுக்கோ போன் போடவில்லை, முழங்கால் வெள்ளத்தைத் தாண்டி வந்து அவன் வீட்டுக்குள் கூடிய முப்பது நாற்பது பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி எவ்ளோ சூட்டுல இருக்கு?"

எங்கள் தொழில் எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது. சென்னைக்கு வடக்கே ஏரி ஒன்றைத் தூர்த்து அதன்மேல் எழுந்த தெரு எங்களுடையது, அதனால்தானோ என்னவோ எந்த வீட்டிலும் மனுஷனுக்கு இருந்த இடத்தைவிடத் தண்ணீருக்கு இருந்த இடம் அதிகம். கட்டிலுக்கு அடியில் கண்ணாடித் தொட்டி, பீரோமேல் கண்ணாடித் தொட்டி, குளியலறையில் சிமெண்ட் தொட்டி, சுவரோரம் முழுக்கக் குடிகாரர்கள் வீசிய குவார்ட்டர் பாட்டில்கள், பாட்டிலுக்கு ஒரு ஃபைட்டர் மீன், பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு. அட்டையை எடுத்துவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிற இன்னொருவனைப் பார்த்துப் பார்த்தே செவுளை விரித்துக்கொண்டு இளைத்துச் செத்துப்போகும், அவ்வளவு ரோஷம் அதற்கு.

ஆனால் அதே மீன் குஞ்சு பொரிக்கும்போது பார்க்க வேண்டும். ஆண்மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடிக்கும், எச்சிலில் புரட்டி ஒரு குமிழியாக ஊதும், வாதாமரத்துச் சருகு மிதக்கிற இடமாகப் பார்த்து அதன் அடியில் ஒட்டும், மறுபடி காற்று, மறுபடி குமிழி, இப்படிச் சோறு தண்ணி இல்லாமல் ஒரு பகல் ஒரு ராத்திரி ஊதி ஒரு கூடு கட்டிவிடும். பிறகு பொட்டையை உள்ளே விடுவோம். அதைச் சுற்றி வளைத்து இறுக்கும், ரவை ரவையாக முட்டை விழும், விழுவதை எல்லாம் ஆண் வாயால் பொறுக்கி நுரைக்குள் பதிக்கும். கடைசி முட்டை விழுந்ததோ இல்லையோ, இத்தனை நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தவளை அதற்கு ஆகாது. விட்டால் அவள் முட்டையைத் தின்பாள், அதற்குள் அவன் அவளைக் கிழித்துப் போடுவான். அதனால் நாங்கள் கையை விட்டுப் பொட்டையை எடுத்துவிடுவோம். மற்ற தெருக்களில் சாயங்காலம் ஒருவரை ஒருவர் பார்த்தால் காப்பி ஆச்சா என்று கேட்பார்கள், எங்கள் தெருவில் "ஃபீமேலை எடுத்தாச்சா?" என்று கேட்போம். பெண்பிள்ளைகளும் அப்படித்தான் கேட்பார்கள், யாருக்கும் அதில் கூச்சமில்லை.

தட்சணாவும் அவன் பெண்சாதி கோமளவல்லியும் தெருவிலேயே கைராசிக்காரர்கள். அவர்கள் வீட்டில் போட்ட ஜோடி ஒன்றுகூடத் தப்பியதில்லை, ஒரு கூட்டில் முன்னூறு நானூறு குஞ்சு பிழைக்கும், ஆனால் அவர்களுக்கென்று ஒன்று தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது, இரண்டாவது எட்டாம் மாதத்தில் போனது, மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது கோமளா குனிந்து ஒரு பாட்டிலைக்கூடத் தொடவில்லை, தட்சணா தொடவிடவில்லை. அப்படியும் ஐப்பசி மழையில், தெருவில் படகு விட்டால் போகும் என்ற அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு பகலில், டாக்டர் எழுதிக் கொடுத்த தேதிக்கு முழுசாக அறுபது நாள் இருக்கும்போது அவளுக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் முனையோடு நின்றுவிட்டது. எதிர்வீட்டு அஞ்சலை, வாதாஞ்சருகு பொறுக்கி உலர்த்தி எங்களுக்கெல்லாம் விற்கிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஹாலில் பாயை விரித்தாள்.

பெண்குழந்தை. உள்ளங்கையில் அடங்கியது, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, அழவில்லை. அஞ்சலை தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், வாயைத் துடைத்து ஊதினாள். ஒன்றும் இல்லை. "என்கிட்ட குடு அஞ்சலை, குடுத்துடு, செத்திருந்தாலும் பரவால்ல குடு" என்று கோமளா கையை நீட்டினாள். அந்தக் கை எட்டுவதற்குள் தட்சணா குழந்தையை வாங்கிக்கொண்டு பின்அறைக்குப் போய், இடுப்பளவு சிமெண்ட் தொட்டியில், சருகு ஊறி டீ நிறத்தில் இருந்த தண்ணீரில், போட்டிருந்த சட்டையோடு இறங்கிவிட்டான். யோசித்துச் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருஷம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவன், கைகால் பதறுகிற நேரத்தில் தெரிந்ததைத்தானே செய்வான். தண்ணீர்மட்டத்தில் உதட்டை வைத்து ஒரு வாய் காற்றை இழுத்தான், ஊதினான், குமிழி வந்தது, உடையவில்லை. மறுபடி இழுத்தான், மறுபடி ஊதினான். கஞ்சி பொங்கி வருகிற மாதிரி நுரை பரந்து பரந்து முறம் அகலத்துக்கு வந்ததும் குழந்தையை அதன் அடியில் முகம் மட்டும் புதையும்படி வைத்து, சரிந்த இடத்தில் நெற்றியால் முட்டி மேலே தள்ளினான். கத்தரிக்காய் நிறம் மெள்ள மெள்ள மாறி வெங்காயத்தோல் நிறத்துக்கு வந்தது. குழந்தையின் மூக்கு நுனியில் ஒரு குமிழி பெரிதாகியது, சிறிதாகியது, பெரிதாகியது.

சூடு எவ்வளவு என்று கேட்டோம் என்றேனே, இருபத்தெட்டு டிகிரி இருந்தது. நல்ல சூடுதான் என்று எல்லோருக்கும் நிம்மதி. ஒருவர் ஹீட்டர் கொண்டுவந்து மாட்டினார், ஒருவர் குளிர்காற்று படாமல் தொட்டிக்கு மேலே பிளாஸ்டிக் தாள் கட்டினார், அஞ்சலை தன் வீட்டிலிருந்த நயம் சருகையெல்லாம் அள்ளிவந்து மிதக்கவிட்டாள். எங்கள் சங்கத் தலைவர் துலுக்காணம், எழுபது வயசு, மீனைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்த்தறியாத மனுஷர், குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுரையைப் பக்கவாட்டில் பார்த்தார். "கெட்டியா கட்டிகீறான். நிக்கும்" என்றார். நாங்கள் மூச்சுவிட்டோம். பிறகு நிமிர்ந்து, வழக்கமாகக் கேட்கிற குரலில், "ஃபீமேல் எங்க?" என்றார்.

எல்லோரும் ஹாலைத் திரும்பிப் பார்த்தோம். அந்த வார்த்தை கோமளாவைக் குறிக்கிறது என்று எங்களுக்குப் புரிவதற்கு ஒரு நொடி பிடித்தது, ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பிறகு அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோமளா தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டி விளிம்பில் கையை வைத்து, "என்னங்க" என்றாள். தட்சணா தலையைத் தூக்கினான். அவனுடைய கன்னம் இரண்டும் உப்பின, காதோரத் தோல் விசிறி மாதிரி விரிந்து சிவந்தது, கண்ணில் ஆளே இல்லை. பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைக் கடித்தான். ரத்தம் தொட்டியில் சொட்டியது, நுரையின் ஓரம் கரைந்தது, குழந்தையின் மூக்கிலிருந்த குமிழி சுருங்கியது. கோமளா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம் என்று பின்னால் பேசினார்கள், அது பொய், அவளே நடந்து போனாள். அவளும் எங்கள் தெருக்காரிதான். பத்து வருஷமாகத் தன் கையாலேயே ஆயிரம் பொட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வேறு பாட்டிலில் விட்டவளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசற்படியில் மட்டும் நின்று திரும்பி, "எத்தினி நாளு?" என்று கேட்டாள்.

மீனுக்கு மூன்று நாள். முட்டை பொரிந்து, குஞ்சு நுரையில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும், கீழே விழும், அப்பன் வாயால் கவ்வி மேலே வைப்பான், மறுபடி விழும், மறுபடி வைப்பான். மூன்றாம் நாள் குஞ்சு படுக்கைவாட்டில் நிமிர்ந்து தானாக நீந்தும். நீந்திய அந்த மணிநேரத்திலேயே ஆணையும் எடுத்துவிட வேண்டும். மூன்று நாளாகப் பட்டினி கிடந்தவன், நுரையில் தொங்குகிறவரைக்கும்தான் அது அவனுக்குக் குஞ்சு, எதிரே நீந்த ஆரம்பித்துவிட்டால் இரை. இதெல்லாம் மீனுக்கு. மனுஷக் குஞ்சுக்கு எவ்வளவு?

லாசர் வாத்தியார் இருந்தார், முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆகி, பொழுதுபோக்குக்குக் கப்பி மீன் வளர்க்கிறவர். சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து (இன்னமும் வைத்திருப்பார்) தட்சணா வீட்டுச் சுவரிலேயே போட்டுக் காட்டினார். ஃபைட்டரின் ஆயுசு இரண்டு வருஷம், மனுஷன் ஆயுசு எழுபது, ஆக முப்பத்தைந்து மடங்கு, மூன்றை முப்பத்தைந்தால் பெருக்கினால் நூற்றைந்து. நூற்றைந்தாம் நாள் ஆணை எடுத்துவிட்டுக் குழந்தையைத் தாயிடம் கொடுக்கலாம். ஆகா என்றோம். இத்தனை சுத்தமான கணக்கை எங்கள் தெரு பார்த்ததில்லை.

"டாக்டரம்மா குடுத்த தேதிக்கு இன்னும் அறுவது நாளுதானே இருக்கு? நான் சுமந்திருந்தா அறுவது நாளுல வந்திருப்பா. அறுவது போதாதா?" என்றாள் கோமளா.

"டாக்டருக்கு நுரையைப் பத்தி இன்னாம்மா தெரியும்?" என்றார் துலுக்காணம். எல்லோரும் சிரித்தோம். மழைச்சத்தத்தில் அவளுக்கு அது கேட்காமல் இருந்திருக்கும் என்று நான் பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. தட்சணா வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை, அதில் தினமும் காலையில் தண்ணீர் சூடு, நுரை அகலம், எத்தனையாவது நாள். மேலே பெரிய எழுத்தில், ஆண்: தட்சணாமூர்த்தி, ஃபீமேல்: எடுக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று பகலுக்கும் ராவுக்கும் காவல் முறை. அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், பக்தியில் அல்ல, தரை அதிர்ந்தால் நுரை உடையும் என்று. தட்சணா ஒரு பருக்கை தின்னவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, சருகுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு உடைந்த குமிழிக்கு ஒன்று ஊதுவதும், கீழே நழுவும் குழந்தையை வாயால் கவ்வி மேலே வைப்பதுமாக இருந்தான். நுரையை நக்கிக்கொண்டே குழந்தை தேறியது. அவன் இளைத்து இளைத்து விலா எலும்பு தண்ணீருக்குள் வரிவரியாகத் தெரிந்தது.

எதிரே அஞ்சலை வீட்டில் தங்கியிருந்த கோமளாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் அடித்தது. அஞ்சலை அதைப் பீய்ச்சி ஒரு சொம்பில் எடுத்து, "குழந்தைக்கு விடலாமா தலைவரே?" என்று கேட்டாள். பாலை விட்டால் தண்ணீர் கெடும் என்றார் துலுக்காணம், அது நியாயம்தான். கீழே கொட்டவும் மனசில்லை. பிறந்த மீன்குஞ்சின் வாய் ஊசிமுனைதான், அதற்குத் தீனியாக வாளித் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டுப் புளிக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சியை நாங்கள் உண்டாக்குவோம். பாக்கெட் பாலில் செய்வதுதான். யார் முதலில் கோமளாவின் பாலில் செய்தார்கள் என்று தெரியாது, நான் இல்லை, ஆனால் மூன்றாவதோ நான்காவதோ நான்தான். அந்த வாளித் தண்ணீரைக் குடித்த குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை. நீலம் கண்ணைப் பறித்தது, சிவப்பு எரிந்தது, துடுப்பு விரிந்தால் பட்டுப்புடவைக் கொசுவம் மாதிரி இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னா தீனி போடறீங்க?" என்று கேட்பார்கள். நாங்கள் சிரித்து மழுப்புவோம். காலையில் அஞ்சலை வீட்டு வாசலில் டம்ளரோடு வரிசை நின்றது. நூற்றைந்தாம் நாளுக்கு அவசரப்பட வேண்டாம் என்று எங்கள் எல்லோருக்குள்ளும் ஒரு ஓரத்தில் இருந்தது. யாரும் வாயைவிட்டுச் சொல்லவில்லை.

இருபதாம் நாளோ என்னவோ ஊசி போடுகிற நர்ஸம்மா ஒருவர் பையோடு வந்தார். பிளாஸ்டிக் தாளை விலக்கிப் பார்த்தார், அவரும் பெரிதாக அதிசயப்படவில்லை, அரசாங்க வேலையில் எத்தனையோ பார்த்திருப்பார். "அம்மா எங்க?" என்றார். சொன்னோம். "குறைமாசக் குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டிக் கட்டி வெச்சாலே பொழைக்குமேங்க. அந்தச் சூடு போதும். எதுக்கு இந்தப் பாடு?"

"இது ஃபைட்டர் தெரும்மா" என்றேன் நான். நான்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த தெருவில் ஏழு வீடு பாக்கி இருக்கிறது என்று போய்விட்டார்.

காவல் முடிந்து வருகிறவர்களை எல்லாம் கோமளா ஜன்னலிலிருந்து கூப்பிடுவாள். "எத்திராஜண்ணே, இன்னிக்கு எப்படி இருந்தா?" முடி வந்திருக்கிறது என்று சொல்வேன், கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொள்கிறாள் என்று சொல்வேன். கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் கட்டைவிரலை மடக்கிப் பார்ப்பாள். "பேரு வெச்சிட்டேண்ணே. உங்க யாருக்கும் சொல்ல மாட்டேன், கையில குடுக்கறப்ப அவ காதுலதான் மொதல்ல சொல்லுவேன்." அந்தப் பேர் என்ன என்று எங்களுக்குத் தெரியாது.

அறுபதாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் தலைக்குக் குளித்து, ஈரமுடியை முடிந்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு உள்ளே காவல் நான். வாசலில் துலுக்காணமும் லாசர் வாத்தியாரும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

"அறுவது ஆயிடுச்சு தலைவரே. குடுத்துடுங்க."

"இன்னும் நாப்பத்தஞ்சு நாளு கீதும்மா. இம்மாம் நாளு பொறுத்த."

"எனக்கு உங்க கணக்கு வேணாம். என் வயித்துக்குத் தெரியும். இன்னிக்குத்தான் அவளுக்கு நாளு." அவள் முந்தானையை விரித்து ஏந்தினாள். "மடிப்பிச்சையா கேக்கறேன். குடுங்க."

துலுக்காணத்துக்குக் கண் கலங்கிவிட்டது, கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். கெடுத்துக்காத" என்றார்.

நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் மட்டும் கேட்கவில்லை. அந்தக் குரல் வாசலில் எழுந்ததும் குழந்தை கண்ணைத் திறந்தது, நுரையிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டது, கீழே நழுவவில்லை, படுக்கைவாட்டில் அப்படியே நிமிர்ந்து கையையும் காலையும் விரித்து, வாசல் இருந்த பக்கமாக நீந்தி வந்தது. தொட்டிச் சுவரில் நெற்றி இடித்தது. தட்சணா வந்து கவ்விக் கொண்டுபோய் நுரையில் வைத்தான். மறுபடி வந்தது. மறுபடி கொண்டுபோனான். மூன்றாம் தடவை அவன் உடனே கவ்வவில்லை. கொஞ்சம் பின்னுக்குப் போய், தலையைச் சாய்த்து, அது நீந்துவதைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தொட்டியில் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கியிருக்கலாம். ஒரு முழத் தூரம். நான் என்ன செய்தேன் என்றால், எழுந்து வாசலுக்குப் போய்த் தலைவரைக் கேட்டேன்.

"தலைவரே, நீந்துறா."

"நுரையிலேர்ந்து விழுந்துருக்கும். அவன் எடுத்து வெச்சுப்பான்."

"இல்ல, நேரா நீந்துறா."

துலுக்காணம் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தார். "அறுபதுதான் ஆகுது. வாய்ப்பே இல்ல" என்றார்.

கோமளாவின் முகம் மாறியது. ஏந்தியிருந்த முந்தானை கையிலிருந்து விழுந்தது. "நீந்துறாளா? அப்ப ஆம்பளைய எடுங்கய்யா! எடுங்க! ஐயோ, ஆம்பளைய எடுங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். உள்ளே ஓடித் தாளைக் கிழித்துவிடுவாள், குளிர்காற்று பட்டுவிடும், அறுபது நாள் பாடுபட்டது வீணாகப் போய்விடும் என்று நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டோம். இடது கையைப் பிடித்திருந்தது நான். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, நாலு பேரையும் வாசற்படிவரை இழுத்துவிட்டாள், கடித்தாள், கும்பிட்டாள், எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கெஞ்சினாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றுகிற நேரம் இருக்கும். பிறகு உள்ளே தண்ணீர் ஒருமுறை பெரிதாக அலைந்து, அடங்கியது.

நாங்கள் கையை விட்டுவிட்டு உள்ளே போனோம். நுரை இல்லை. சருகு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது, அடியில் ஒன்றும் இல்லை. தட்சணா தொட்டிக்கு நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான், கன்னத்தோல் அடங்கி, கண்ணில் பழைய ஆள் திரும்பி, வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தவன்போல் கண்ணைக் கொட்டிக்கொண்டு. புறங்கையால் வாயைத் துடைத்தான். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அறுபது நாள் பேசாத தொண்டை, குரல் கரகரத்தது.

"கோமளா எங்க? குழந்தைய அவகிட்ட குடுத்துட்டீங்கதானே?"

துலுக்காணம்தான் முந்திக்கொண்டார். "குடுத்துட்டோம்பா" என்றார்.

கடைசியாகக் கோமளா உள்ளே வந்தாள். தட்சணா அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டான், நிற்க அவனுக்குத் தெம்பில்லை. "பால் குடிச்சாளா?" என்று கேட்டான்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள், ஒருவரையும் விடாமல். அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவன் அந்தத் தொட்டியிலேயே செத்துவிடுவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"குடிச்சா" என்றாள். "தூங்கறா."

பிறகு அவளே தொட்டியில் இறங்கி அவன் கக்கத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கி, வெளியே உட்கார வைத்து, தலையைத் துவட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உள்ளறையில் ஒரு தூளி கட்டிக் கதவைச் சாத்தினாள். அவன் எழுந்து பார்க்கப் போனால், இப்பதான் தூங்கினா, எழுப்பாதீங்க, என்பாள். தண்ணீரில் ஊறிய மூளையோ, கேட்கப் பயமோ, அவன் கதவருகே நின்று காதை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். தெரு அதையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. அவன் காதில் விழ யாரும் வேறு மாதிரி பேசிவிடக்கூடாது என்று சங்கத்தில் முடிவானது. வண்டிகள் முனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வரப்பட்டன. கல்யாண மேளம் எங்கள் தெருவுக்குள் வாசிப்பதில்லை. தொட்டி மோட்டாருக்கு அடியில் எல்லோரும் துணி மடித்து வைத்தோம். வெளியூர் வியாபாரி உரக்கப் பேசினால், "மெதுவா, கொழந்த தூங்குது" என்று நாங்களே உதட்டில் விரல் வைத்தோம், வைத்து வைத்து அது எங்களுக்குப் பழகிவிட்டது.

தட்சணா அடுத்த ஆடியில் போனான், சாப்பிட்டது எதுவும் அவன் உடம்பில் ஒட்டவில்லை. அவனைத் தூக்குகிற அன்று தெரு முழுக்க அவள் வாசலில் நின்றோம். இனி மறைக்க ஆள் இல்லை, இன்றைக்கு அவள் வாயைத் திறப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், பேர் சொல்லிச் சபிப்பாள் என்று நின்றோம். பயந்துகொண்டு நின்றோம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தச் சாபம் வேண்டியிருந்தது. துலுக்காணம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் அவள் காலடியில் உட்கார்ந்தார், "எதுனா சொல்லிடும்மா" என்றார். பக்கத்தில் ஒரு கிழவி ஓவென்று ஒப்பாரியை எடுத்தாள்.

கோமளா திடுக்கிட்டுத் திரும்பினாள். உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் கையை அமர்த்தி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"சத்தம் போடாதீங்க. இப்பதான் கண்ணசந்தா."

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவனைத் தூக்கிப் போனோம்.